கோடு போட்டுக் கேட்பவர்

ஷேர் ஆட்டோவின் அழுக்கேறிய முன்கண்ணாடியில் விரலால் கோடு போட்டு வழி கேட்கிற பெண்ணை என் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். டோல்கேட்டில். ஒரு நீளக் கோடு, அதை வெட்டிக்கொண்டு ஒரு குறுக்குக் கோடு, இரண்டும் சேருகிற மூலையில் ஒரு சின்னப் பெட்டி.

"இங்க நிறுத்துவீங்களா?"

ஓட்டுநர் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"தேரடின்னு வாயால சொன்னா நிறுத்த மாட்டேனா? கண்ணாடில இன்னாத்துக்குமா கோலம்?"

"தேரடிதான் அண்ணே. ஆனா தேரடிக்கு முன்னால, இந்த மூலையில."

நான் பக்கத்து சீட்டில், இந்தப் பெண்மணியை எனக்குத் தெரியவே தெரியாது என்பதுபோல வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கும்போது ஓட்டுநர் பெருமையாகச் சொன்னார். "கரீக்டா அந்தப் பொட்டியாண்டயே நிறுத்திட்டேன், பாத்துக்க."

அந்தப் பெண்ணும் நானும் ஒரே ஆபீசில் வேலை பார்த்தோம். தண்டையார்பேட்டையில் ஒரு பேட்டரிக் கடைக்கு மேல் மாடி. அவர் என்னைவிட ஓரிரு வயது மூத்தவர். ஆபீசில் எல்லோருக்கும் அவர் அக்கா, அவருக்கு எல்லோரும் மக்கா. அப்பா வழியில் நாகர்கோவில் பக்கம். அவர் பிறந்ததும் வளர்ந்ததும் ராயபுரம். பேச்சில் இரண்டு ஊரும் கலந்து வரும். எந்த ஊர் எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது.

வேலை இதுதான். திருவொற்றியூர், எண்ணூர் வரைக்கும் எந்தத் தெரு எங்கே, எந்த வீடு எந்தக் கால்வாய் ஓரம், எந்தப் பள்ளிக்கூடம் எந்தத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கம் என்று எல்லாவற்றையும் அளந்து கணினியில் ஏற்றி வைப்போம். பிறகு யாராவது கேள்வி கேட்டால் கணினி வரைபடத்தில் பதில் காட்டும். கேள்வியை அதற்கென்று இருக்கிற பாஷையில் வரிவரியாகத் தட்டச்சு செய்ய வேண்டும். ஒரு அடைப்புக்குறி தவறினாலும் கோபித்துக்கொள்ளும். புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு வீட்டில், கீழே கறிக்கடைச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து அந்தப் பாஷையைப் படித்தவன் நான். அதில் கெட்டிக்காரன். மற்றவர்கள் சொல்லாவிட்டால் நானே சொல்லிக்கொள்வேன்.

அக்காவுக்கு அந்தப் பாஷை ஆகவே ஆகாது. தெரியாமல் இல்லை, பிடிக்காது. அதனால் அவர் வேறு ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். கேள்வியை எழுத வேண்டாம், வரைந்தால் போதும். திரையில் விரலால் ஒரு நீலக் கோடு இழுத்தால் தண்ணீர். அதன் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டால் கட்டடம். 'இந்த மாதிரி எங்கெல்லாம் இருக்கிறது?' என்று கணினி தானே புரிந்துகொண்டு, அந்த அமைப்பில் இருக்கிற இடங்களையெல்லாம் வரைபடத்தில் மஞ்சளாகக் காட்டும். எங்கள் முதலாளிக்கு இதில் நம்பிக்கை இருந்தது. எனக்கு எரிச்சல் இருந்தது.

"இன்னாக்கா இது, கலெக்டர் ஆபீஸ் கோலப் போட்டியா?" என்பேன்.

"உனக்கு வயித்தெரிச்சல் மக்கா. உன் பாஷை தெரியாதவங்களும் கேள்வி கேட்டுருவாங்களோன்னு பயம்."

அது உண்மைதான், கொஞ்சம்.

அவருக்குப் படம் போட ஒரு திரை போதாது. எங்கள் ஆபீஸ் தரை சிவப்பு சிமெண்ட். கைப்பையில் எப்போதும் சாக்பீஸ் வைத்திருப்பார். யாராவது வந்து, "அந்த பஸ் டிப்போ பின்னாடி இருக்குல்ல, அந்தச் சந்து..." என்று ஆரம்பித்ததும் சாக்பீஸை நீட்டிவிடுவார். நன்றாக வேட்டி கட்டிய வார்டு பிரமுகர்கள்கூட முணுமுணுத்துக்கொண்டே குந்தி உட்கார்ந்து சந்து போட்டிருக்கிறார்கள். பெருக்க வருகிற அம்மாள் மட்டும் கடைசி வரைக்கும் அவரை மன்னிக்கவில்லை.

வரைந்து முடித்ததும் அவர் விடாமல் ஒன்று கேட்பார். "இதுல எதை எதைச் சும்மா போட்டீங்க?"

முதலில் எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. பிறகு ஒருநாள் டீக்கடையில் மேஜையில் கொட்டியிருந்த டீயைத் தொட்டு விளக்கினார். "கால்வாய்க்குப் பக்கத்துல பள்ளிக்கூடம்னு நீ எழுதுதேன்னு வை. பக்கத்துலன்னு மட்டும்தான் சொல்லியிருக்கே. அதையே வரைஞ்சா? கால்வாயை இடப்பக்கமாவோ வலப்பக்கமாவோ போட்டுத்தானே ஆகணும்? பெருசாவோ சிறுசாவோ போட்டுத்தானே ஆகணும்? நீ கேக்காததெல்லாம் உன் கேள்விக்குள்ள வந்து உக்காந்துரும் மக்கா. மெஷினு அதையும் சேத்து நம்பிரும்."

அதனால் அவர் செய்த மென்பொருளில், படத்தைப் பார்த்து கணினி என்னென்ன புரிந்துகொண்டது என்பது ஓரத்தில் வரிசையாக வரும். பள்ளி சிறியது, கால்வாய்க்கு இடப்பக்கம், தொட்டுக்கொண்டிருக்கிறது. சும்மா போட்டதை நாம் அடித்துவிட வேண்டும். நம் ஆட்கள் யாரும் அதைப் படிக்க மாட்டார்கள். அவர் பக்கத்தில் நின்று படிக்க வைப்பார்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒரே ஒருமுறை சொன்னார். ராயபுரத்தில் அவர் அப்பாவுக்கு ஹார்டுவேர் கடை. விசைப்படகுக்காரர்கள் போல்ட்டும் கப்பியும் வாங்க வருவார்கள். பொருளுக்குக் கடைக்காரர் வைத்திருக்கும் பெயர் வேறு, படகில் புழங்கும் பெயர் வேறு. அதனால் கல்லாப் பலகையில் ஈர விரலால் போட்டுக் காட்டுவார்கள். காய்வதற்குள் அப்பா பொருளை எடுத்து வைத்துவிடுவாராம். "எங்கப்பா அவங்க கையை மட்டும்தான் பாப்பாரு. வாயைப் பாத்ததே இல்ல," என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

வாயால் கேட்கச் சொன்னால் அக்கா திணறிவிடுவார். மீட்டிங்கில் நாலு பேர் சேர்ந்து அவர் முகத்தைப் பார்த்தால், "அது வந்து... அதாவது..." என்று பேனாவைத் தேடுவார். வயிற்றுவலி வந்த நாளில் லீவு கேட்டு முதலாளிக்கு அனுப்பிய செய்தியில் ஒரு வட்டமும் அதற்குள் மின்னலும்தான் இருந்தது. முதலாளி மழை எச்சரிக்கை என்று நினைத்து எங்கள் எல்லோரையும் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பினார். அந்த ஒரு நாளுக்காகவே நாங்கள் அவரிடம் நன்றியோடு இருந்தோம்.

பெண் பார்க்க வந்தவர்கள் அவரிடம், "உனக்கு என்னம்மா எதிர்பார்ப்பு?" என்று கேட்டிருக்கிறார்கள். பஜ்ஜி வைத்த காகிதத்தின் பின்பக்கம் இரண்டு வீடு போட்டு, நடுவில் ஒரு கோடு இழுத்துக் கொடுத்திருக்கிறார். பெரியவர்கள் காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்களாம். மாப்பிள்ளை மட்டும் பேனாவை வாங்கி, கோட்டின் மேல் ஒரு பஸ் வரைந்திருக்கிறார். அம்மா வீட்டுக்கு நினைத்தபோது பஸ் ஏறிப் போகணும், அவ்வளவுதான் கேள்வி. அவரையே கட்டிக்கொண்டார். இப்போது இரண்டு பேரும் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். அங்கிருந்து ராயபுரத்துக்கு பஸ் கிடையாது, ஆனாலும் நன்றாக இருக்கிறார்கள்.

லாரி நிறுத்த இடம் தேடிய விவகாரம் நடந்தது அவர் கல்யாணத்துக்கு முந்திய வருஷம்.

துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் சாலையில் நாள்கணக்கில் வரிசையில் நிற்கும். அவற்றை ஒதுக்கி நிறுத்த ஒரு பெரிய இடம் தேடினார்கள். அந்தப் பொறுப்பில் ஒரு அதிகாரி எங்கள் ஆபீசுக்கு வந்தார். புதிதாக மாற்றலாகி வந்தவர், நிதானமான மனிதர். அக்கா அவரைத் திரை முன் உட்கார வைத்து வரையச் சொன்னார். அவர் ஒரு சாலை போட்டார். அதை ஒட்டிப் பெரிதாக ஒரு கட்டம். கட்டத்துக்குள் ஒன்றுமில்லை.

"இதுல எதை சார் சும்மா போட்டீங்க?"

"எதுவும் சும்மா இல்லம்மா. ரோடு வேணும், இடம் வேணும், உள்ள ஒண்ணும் இருக்கக் கூடாது."

கணினி சில இடங்களை மஞ்சளாக்கியது. அதில் ஒன்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பத்தின் மணல் திடல். சாலைக்கும் கடலுக்கும் நடுவில், வீடுகளை ஒட்டி இருந்தது. அதிகாரிக்கு அதுதான் பிடித்தது. எங்கள் தகவலில் அந்த இடத்தின் பயன்பாடு என்ற கட்டத்தில் 'காலி' என்று இருந்தது. அது தப்பு என்றும் சொல்ல முடியாது. மேலிருந்து எடுத்த படத்தில் வெறும் மணல்தான் தெரியும். வலையைக் காயப்போடுவார்கள், எடுத்துவிடுவார்கள். மீனைக் காயவைப்பார்கள், அள்ளிவிடுவார்கள். நிரந்தரமாக அங்கே ஒரு குச்சிகூடக் கிடையாது.

செய்தி குப்பத்துக்குப் போனதும் கொதித்துவிட்டார்கள். அந்தத் திடல் போனால் வலை பிரிக்க, பழுது பார்க்க, கருவாடு போட வேறு இடமே இல்லை. ஆபீசுக்கே ஒரு கூட்டம் வந்தது. அதிகாரி அவர்களிடம் குரலை உயர்த்தவே இல்லை. "நீங்க சொல்றது உண்மையா இருக்கலாம். ஆனா மேப்ல இல்லையே. இப்ப நாங்களே கை வச்சு மாத்துனா, ஆட்சேபம் வந்ததுக்கு அப்புறம் மாத்துனாங்கன்னு சொல்லுவாங்க. ஏற்கெனவே அளந்து வச்ச தகவல்லேருந்து அது புழங்குற இடம்னு தெரிஞ்சா, நானே எடுத்துடறேன்."

அக்காவுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. "நான் செஞ்சதுதானே மக்கா அவங்க இடத்தைக் காலின்னு காட்டிச்சு," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் என் பாஷையில் எழுதித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். "அவங்க இடத்தை அவங்களே கேக்கட்டும்."

அப்படித்தான் ஒரு காலையில் குப்பத்துச் சமுதாயக் கூடத்தில் சுவரில் வெள்ளை வேட்டி கட்டி, புரொஜெக்டர் வைத்து, நாங்களும் அதிகாரியும் ஊர்சனமும் உட்கார்ந்தோம். வீடுகள், படகு ஏற்றும் இடங்கள், மணல், தண்ணீர் எல்லாமே முன்பே எங்கள் ஆட்கள் அளந்து ஏற்றியவை. வரைவதற்கு மீன் விற்கிற ஒரு அம்மாளை முன்னே தள்ளினார்கள். பெரிய உருவம், அதைவிடப் பெரிய குரல்.

"இன்னாது, எங்க வூட்டாண்ட கீற எடத்த நான் வரைஞ்சி வேற காட்டணுமா? நல்லா கீதே உங்க நாயம்!"

ஆனாலும் வரைந்தார். மேலே நீலமாக ஒரு கோடு, தண்ணீர். அதற்குக் கீழே படகுகள். அதற்குக் கீழே வெற்று மணல். அடியில் வீடுகள். ஒரு குழப்பமும் இல்லாத படம். அக்கா ஓரத்து வரிசையைப் படித்து, அளவுகளை அடித்தார், வீடுகளின் எண்ணிக்கையை அடித்தார். பிறகு தேடச் சொன்னார்.

'பொருந்தும் இடம் எதுவும் இல்லை' என்று வந்தது.

கூடம் வெடித்தது.

"இன்னாடா இது, நாம இருக்கறதே பொய்யாமா?"

"மிசினாண்ட சொல்லி வச்சிகினு வந்துட்டானுங்க நைனா!"

அதிகாரி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் என்னம்மா பண்ண முடியும்?" என்றார். அவருக்கும் வருத்தம்தான். ஆனால் அவர் கையில் இருந்த பேனா மூடி கழற்றியபடி இருந்தது. நான் திரையைப் பார்த்தேன். எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. மேலே இருந்த நீலக் கோட்டை ஆறு என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் குப்பத்துக்கு வடக்கே முகத்துவாரம் இருக்கிறதே. அக்காவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். பையில் சாக்பீஸைத் தேடினார், எடுத்தார், அதைப் பயன்படுத்தாமல் அப்படியே கையில் வைத்துக்கொண்டார். பிறகு அந்த அம்மாளிடம் போய், மெதுவாக, ரகசியம் கேட்பது போலக் கேட்டார்.

"யக்கா, இதை வரையும்போது மனசுல எங்க பாத்துகிட்டு நின்னீங்க?"

"எங்க பாப்பாங்க? கடலத்தான். வூட்டவுட்டு வெளிய வந்தா கடலப் பாத்துதான் நிப்போம். வேற எத்தப் பாக்கறது, உன் மூஞ்சியவா?"

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மேலே இருந்த கோடு ஆறு இல்லை, கடல். எங்களுக்கு மேலே என்றால் வடக்கு. அவர்களுக்கு மேலே என்றால் எதிரே இருப்பது, அதாவது கிழக்கு. கணினி பாவம், வடக்கே தண்ணீரும் அதை ஒட்டிப் படகுகளும் இருக்கிற குப்பத்தை எண்ணூர் முழுக்கத் தேடிவிட்டு இல்லை என்றிருக்கிறது. ஆபீசில் நாங்கள் எல்லோருமே வடக்கை மேலே வைத்து வரைகிறவர்கள் என்பதால், எல்லோரையும் 'எதைச் சும்மா போட்டீங்க' என்று கேட்கிற அக்காவுக்கே திசையை அடிக்க வேண்டும் என்று தோன்றியதில்லை. இப்போது அடித்தார். மறுபடி தேடச் சொன்னார்.

திடல் மஞ்சளானது. கூடம் கைதட்டியது. ஆனால் அதோடு நிற்கவில்லை. அதற்குத் தெற்கே இன்னொன்று மஞ்சளானது. அதற்கும் தெற்கே இன்னொன்று. கடல், படகு, மணல், வீடு என்ற வரிசையில் எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம், திருவொற்றியூர் தாண்டி, காசிமேடு பக்கம் வரைக்கும், கரையோரமாக மஞ்சள் துண்டுகள் நீண்டன. ஜனங்கள் எழுந்து நின்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூவினார்கள். "அது என் மாமியார் ஊடு கீற குப்பம்!" "தோ, அது எங்கக்காவக் குடுத்த எடம்!" அக்கா ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். எல்லாவற்றிலும் பயன்பாடு 'காலி' என்றே இருந்தது. இந்த வருஷம் ஒரு குப்பத்துக்கு வந்த ஆபத்து, அடுத்த வருஷம் அடுத்ததற்கு வராதா?

அதிகாரி எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தார். வெகுநேரம் பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார்.

"சரிம்மா. எல்லாக் குப்பத்துலயும் படகுக்கும் வீட்டுக்கும் நடுவுல இதே மாதிரி மணல் விட்டிருக்காங்கன்னா அது புழங்குற இடம்தான்; காலி இல்ல, ஒத்துக்கறேன். அப்ப என்னன்னு போடறது?"

அங்கேதான் அக்கா மாட்டிக்கொண்டார். பயன்பாடு என்ற அந்தக் கட்டத்தில் படம் போட முடியாது. ஒரு சொல் வேண்டும். என்னைப் பார்த்தார். "நீதானே எழுதுறவன். எழுது மக்கா."

நான் எழுத்துக்காரன்தான். 'வலை உலர்த்தும் இடம்' என்றேன். "அப்ப கருவாடு?" என்றார்கள். 'திடல்' என்றேன். "அப்ப ஸ்டேடியம் கட்டுவானுங்க," என்றார் ஒருவர். 'பொது இடம்' என்றேன். அதற்கு அதிகாரியே தலையாட்டினார். "பொதுன்னா நாளைக்கு எவன் வேணாலும் கேப்பான் தம்பி. நானே கேப்பேன்." அங்கே பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள், கல்யாணப் பந்தல் போடுகிறார்கள், கடலில் போனவர்கள் திரும்பாத நாளில் எல்லோரும் அங்கேதான் நிற்கிறார்கள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நான் ஒவ்வொரு சொல்லாகத் தட்டித் தட்டி அழித்தேன்.

மீன் விற்கிற அம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏன் சார் இப்டி பேஜாராவுறீங்க? வூட்டுக்கு முன்னாடி கீற எடத்துக்கு உங்கூர்ல இன்னா பேரு? வாசல்தான? அது எங்க வாசல். அத்த எழுதேன்."

எழுதினேன். கணினி வழக்கம்போலக் கேட்டது: இந்த ஒன்றுக்கு மட்டுமா, விடையில் வந்த எல்லாவற்றுக்குமா? என் விரல் அங்கேயே நின்றது. மற்ற குப்பங்களைப் பற்றி அன்றைக்கு யாரும் பேச வரவில்லை. அக்கா அதிகாரியைப் பார்த்தார். திரையில் இருந்த மஞ்சள் துண்டுகளை விரலால் வரிசையாகத் தொட்டுக் காட்டினார். அதிகாரி கொஞ்சம் யோசித்தார். பிறகு என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, 'எல்லாவற்றுக்கும்' என்பதை அவரே அழுத்தினார்.

"மேல போய் கையெழுத்தாகணும். ஆகும். வாசல்ல யாரும்மா லாரி நிறுத்துவாங்க?"

"நிறுத்துவானுங்க சார், எங்க ஏரியாவ நீ இன்னும் பாக்கல!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கூடமே சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். மதியம் எங்கள் மூவரையும் அந்த மணலிலேயே உட்கார வைத்து மீன்குழம்பு ஊற்றினார்கள். வலையை ஓரமாகச் சுருட்டி இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள்.

கையெழுத்தாகி வர சில மாதங்கள் ஆயின. லாரிகள், பூட்டிக்கிடந்த ஒரு தொழிற்சாலை வளாகத்துக்குப் போயின. போன மாதம் ஒரு புதிய அதிகாரி எனக்கு போன் செய்தார். ஏதோ கிடங்குக்கு இடம் தேடுகிறார்களாம். கடற்கரையோரமாக நிறைய இடம் இருக்கிறது, ஆனால் எல்லாவற்றிலும் வாசல் என்று போட்டிருக்கிறது, அது என்ன வகை நிலம், ஒதுக்க முடியுமா என்று கேட்டார்.

"உங்க வீட்டு வாசலை ஒதுக்குவீங்களா சார்?" என்றேன்.

"யார் போட்டது இதை?" என்றார். அக்காவின் பெயரைச் சொன்னேன். மீன் விற்கிற அம்மாளையும் சொன்னேன். "சரி, அதை விட்டுருங்க," என்று சொல்லிவிட்டு வேறு இடம் பார்க்கச் சொன்னார்.